ஜப்பானியத்துக்கு ஆங்கிலம் எதற்கு வழிகாட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் மின்கம்பங்களிலும் சுவர்களிலும் 'ஜப்பானில் வேலை, ஜப்பான் மொழிப் பயிற்சி' என்ற விளம்பரங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங் முடித்த பிள்ளைகள் சேர்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கையில் கிடைக்கும் புத்தகமும் செல்போன் செயலியும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலேயருக்கு எது கடினமோ அதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழருக்கு எது கடினமோ அதைத் தொடுவதே இல்லை. இதைப் பற்றிச் சில குறிப்புகள்.

முதல் தவறு ரோமஜி, அதாவது ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பது. ஆங்கிலம் பழகிய கண் அந்தச் சொற்களை ஆங்கிலமாகவே படிக்கும். 'அரெ' என்றால் அது, அதோ இருக்கும் பொருள். ரோமஜியில் பார்த்தவர் 'ஆர்' என்பார். 'வரை' என்று பொருள்படும் 'மதெ' அவர் வாயில் 'மேட்' ஆகும். 'தமெ' (கூடாது) 'டேம்' ஆகும். சுறாவைக் குறிக்கும் 'சமெ' 'சேம்' ஆகிவிடும். நெடிலுக்கும் இதே கதி. ஜப்பான் தலைநகரின் பெயர் 'தோ', 'க்யோ' என்ற இரண்டு நெடில்கள் மட்டுமே. ஆங்கில எழுத்தில் நெடில் குறி விழுந்துபோய், நாமும் 'டோக்கியோ' என்று நீட்டி முழக்கிப் பழகிவிட்டோம்.

குறில் நெடில் தமிழருக்குப் பாடமே இல்லை. படம், பாடம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு 'ஒபசன்' (அத்தை, சித்தி), 'ஒபாசன்' (பாட்டி) என்ற வேறுபாடு ஒரே நாளில் வரும். 'பிரு' என்றால் கட்டடம், 'பீரு' என்றால் நம்மூரில் என்னவோ அதேதான். உயிரெழுத்து வரிசைகூட அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கின் சாயல் தெரிகிறதா? பௌத்தத் துறவிகள் வழியாகப் போன இந்திய எழுத்து வரிசை அது. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ இருப்பதற்குக் காரணம், பழைய ஜப்பானியத்தில் அங்கே ப ஒலிதான் இருந்தது. அதனால்தான் இன்றும் ஹ எழுத்தின் மேல் சின்ன வட்டம் போட்டால் ப ஆகிறது.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படித்துவிடலாமே என்று கேட்பார்கள். கூடாது. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழில் க, த, ப எழுத்துகளுக்கு வன்மையான ஒலி, மெலிந்த ஒலி இரண்டுக்கும் ஒரே வடிவம். 'கண்' என்பதிலும் 'காந்தி' என்பதிலும் முதலெழுத்தின் ஒலி வேறு, எழுத்து ஒன்று. ஜப்பானியத்தில் இது பொருளையே மாற்றும். பல்கலைக்கழகம் என்பதற்கான சொல் 'தர்மம்' என்பதில் வரும் த ஒலியில் தொடங்கும். அதையே 'தலை' என்பதில் வரும் த ஒலியில் தொடங்கினால் படிப்பைப் பாதியில் விட்டதாகப் பொருள். இரண்டையும் தமிழில் 'தைககு' என்றுதான் எழுத முடியும். நேர்முகத் தேர்வில் 'பல்கலைக்கழகத்தில் படித்தேன்' என்று சொல்ல வந்தவர் என்ன சொல்லிவிட்டு வருவார் என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லின் நடுவில் சிக்கல் இன்னும் பெரிது. தமிழில் நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் தானே மெலியும், வன்மை வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். ஜப்பானியத்தில் மெலிந்த ஒற்றை, வன்மையான ஒற்றை, வன்மையான இரட்டை என மூன்றும் தனித்தனி. 'வந்து' என்ற பொருளுள்ள சொல்லைக் 'கிதெ' என்று எழுதினால் 'நிதி'யில் வருவதுபோல் த மெலிந்துவிடும். மெலியக் கூடாதென்று 'கித்தெ' என்று எழுதினால் தபால் தலை ஆகிவிடும். 'கதகானா' (ஜப்பானிய எழுத்து வகை ஒன்றின் பெயர்) என்று நாங்கள் எழுதும் சொல்லையே நீங்கள் நடுவில் மெலித்துத்தான் படித்திருப்பீர்கள். அதில் க, த, க மூன்றும் வன்மையாக ஒலிக்க வேண்டும்.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஜப்பானிய எழுத்து. ஒலியைக் குறிக்கும் எழுத்து அங்கே இரண்டு வகை: ஹிரகானாவில் 46, பிறமொழிச் சொற்களுக்குப் பயன்படும் கதகானாவில் 46. எழுத்தின் வலது தோளில் இரண்டு சிறு கோடு போட்டால் ஒலி மெலியும். தமிழில் இல்லாத அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பழக இதைவிட நல்ல வழி கிடையாது. நாளுக்கு ஐந்து எழுத்து, மறுநாள் பழையதைப் பார்க்காமல் எழுதிய பிறகே புதியது என்று போனால் இரண்டு வாரத்துக்குள் ஹிரகானா கைக்கு வந்துவிடும். கடைகளில் கிடைக்கும் பெரிய கட்டம் போட்ட நோட்டே போதும். கட்டத்தை நான்காக மடித்ததுபோல் நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் எழுத்தின் எடை எங்கே விழுகிறது என்று தெரியும்.

தமிழ் எழுதிப் பழகிய கை எல்லாவற்றையும் சுழிக்கப் பார்க்கும். ஜப்பானியத்தில் கோட்டின் முடிவு மூன்று வகை: சட்டென்று நிற்பது, சுண்டி விடுவது, இழுத்துக் கரையவிடுவது. கோடு எழுதும் வரிசை முக்கியம். கதகானாவில் 'ஷி', 'த்ஸு' இரண்டிலும் இரண்டு சிறு கோடு, ஒரு நீண்ட கோடு. ஷியில் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே போகும். த்ஸுவில் சிறு கோடுகள் மேலே பக்கம் பக்கமாக நிற்கும், நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். 'ன்', 'சொ' ஜோடிக்கும் இதே கதைதான், ஒரு சிறு கோடு குறைவு. வரிசை தெரியாமல் படம்போல வரைகிறவர் இந்த நான்கையும் ஆறு மாதம் ஆனாலும் குழப்பிக்கொள்வார். எழுத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. 'யொ' எழுத்தைச் சிறிதாகக் கட்டத்தின் கீழ் இடது மூலையில் எழுதினால் 'ப்யோஇன்', மருத்துவமனை. முழு அளவில் எழுதினால் 'பியோஇன்', அழகு நிலையம்.

உச்சரிப்பில் நமக்கு வரும் பிழை சில. ர வரிசை நம் ர போலவே, ஆங்கிலப் புத்தகம் சொல்வதுபோல் ல-வும் ர-வும் கலந்து நாக்கைச் சுருட்ட வேண்டாம். 'ன்' அடுத்த எழுத்துக்கேற்ப ங், ந், ம் என மாறுவதும் நமக்குப் பழகியதுதான். ஆனால் ஆங்கில 'ஜூ' (விலங்குக் காட்சிசாலை) சொல்லின் முதலொலியை நாம் ஜ ஆக்கிவிடுகிறோம். தண்ணீருக்கான சொல்லில் பலரும் இதனால் மாட்டுகிறார்கள். பற்களை நெருக்கி வண்டு ரீங்காரம்போல் அதைப் பழக வேண்டும். 'தெசு' என்று எழுதினாலும் கடைசி உகரத்தை விழுங்கி 'தெஸ்' என்பார்கள். நாம் 'இருக்கு' என்பதை 'இர்க்கு' என்று விழுங்குவதில்லையா?

இலக்கணத்துக்கு வந்தால் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம். 'வதஷி வ பெரம்பூர் கர எண்ணூர் மதெ பஸு தெ இகிமஸ்.' நான் பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை பஸ்ஸில் போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இதை ஒருமுறை தலைகீழாகப் புரட்டி, மறுபடி நிமிர்த்த வேண்டும். வினையெச்சம் இன்னும் அழகு. 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார், 'தபெதெ மிரு' சாப்பிட்டுப் பார்ப்பது. 'தபெதெ இரு' என்றால் நம்ம பேட்டைப் பேச்சில் 'துன்னுகினு கீறது'. அந்த 'இரு'வுக்குத் தனியே பொருளும் இரு என்பதுதான். இத்தகைய ஒற்றுமைகளை வைத்து ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, படிப்பதற்கு இந்த ஒற்றுமை உதவும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. 'வீட்டில் இருக்கிறாள்', 'வீட்டில் படிக்கிறாள்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'தெ'. அதுபோல 'இருக்கிறது' என்பதற்கும் மனிதருக்கும் விலங்குக்கும் 'இமஸ்', மேசை நாற்காலிக்கு 'அரிமஸ்'. தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

அன்றாடச் சொற்களில் ஆங்கிலம் தரும் பெரிய தொல்லை 'அனத'. 'நீங்கள்' என்பதற்கு நிகர் என்று புத்தகம் சொல்லும். மேலாளரை அப்படி அழைத்தால் மரியாதைக் குறைவு. பெயரோடு 'சன்' சேர்த்தோ பதவியைச் சொல்லியோ அழைக்க வேண்டும். தன் பெயரோடு மட்டும் 'சன்' சேர்க்கக் கூடாது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்கு அனி, அனெ, ஒதோதொ, இமோதொ என்று தனித்தனிச் சொல் உண்டு. கிழமைகளும் அப்படியே. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்ற கோள் வரிசையே கான்ஜி எழுத்தில் (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து) சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண் என்று வரும். செவ்வாய்க் கோளுக்கு அங்கே நெருப்பு நட்சத்திரம் என்று பெயர். கற்க வேண்டிய முதல் ஏழு கான்ஜி இவைதான்.

பணம் எண்ணும்போது 10,000-க்கு 'மன்'. ஒரு லட்சம் என்பது பத்து மன். இரண்டரை லட்சம் யென் சம்பளம் என்றால் 25 மன், அவ்வளவுதான். ஆயிரம் ஆயிரமாக ஆங்கிலத்தில் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

தேர்வைப் பற்றியும் விளம்பரங்கள் முழுதாகச் சொல்வதில்லை. ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. தொடக்கநிலையான என்5 தேர்ச்சிக்கு 180-க்கு 80 வேண்டும். ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19, மற்ற பகுதியில் 120-க்கு 38 தனியே எடுக்காவிட்டால் மொத்தம் 100 வந்தாலும் தோல்விதான். வினாத்தாளில் ரோமஜி இருக்காது. குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு என்5 பொதுவாகப் போதாது. அதற்கு அடுத்த மேல்நிலையான என்4 தேர்ச்சி, அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற வேறொரு ஜப்பானிய மொழித் தேர்வில் 250-க்கு 200 கேட்பார்கள். பணம் கட்டுமுன் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு பகுதி ஒதுக்கி, ஐந்து ஐந்து எழுத்தாகத் தமிழ் விளக்கத்தோடு வெளியிட்டால் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உதவும். அப்படி வெளியிடும்போது கோட்டு வரிசைக்கு எண் போட்டு, கையெழுத்து வடிவில் அச்சிட வேண்டுகிறோம். அச்செழுத்தில் ஹிரகானாவின் 'கி', 'ச' இரண்டிலும் கடைசிக் கோடு முந்தைய கோட்டோடு ஒட்டி வரும். கையில் எழுதும்போது அது பிரிந்து நிற்கும், 'கி'க்கு நான்கு கோடு, 'ச'வுக்கு மூன்று.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழிப் பயிற்றுநர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை - 11.