டிஃபரென்ஷியலை இறக்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று நீ கேட்பாய். சோம்பல்தான்.

கேம்பரை, அதுதான் அந்தத் தங்கும் இழுவை வண்டியை, பின்னால் கட்டிக்கொண்டு மலையேறும்போது மட்டும் வண்டிக்கு அடியில் முனகல் கேட்கிறது, கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். பணிமனைக்காரர் ஓட்டிக்கூடப் பார்க்காமல் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலை இறக்கச் சொல்கிறாராம். தயவுசெய்து பொறு. போன கோடையில் நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்.

என் இடது காது மந்தமாகிவிட்டது உனக்குத் தெரியும். அதனால் ஏற்றத்தில் அந்த இரைச்சலை முதலில் கேட்டது என் மனைவி. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "வேகம் அதேதான், ஆனால் நீங்கள் கியரைக் குறைத்ததும் சத்தம் கூடுகிறதே, ஏன்?" என்றாள். பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. சக்கரமும் டிஃபரென்ஷியலும் சாலை வேகத்துக்குத்தான் கட்டுப்பட்டவை. இன்ஜின் எந்த கியரில் கத்துகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. கியர் மாறியதும் சத்தமும் மாறினால், இன்ஜினோடு சுற்றும் எதையாவதுதான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது ரேடியேட்டர் விசிறி. சூடு ஏறியதும் விசிறியின் கிளட்ச் இறுகி, விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. உச்சிக்குப் போய்ச் சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. அது கோளாறே அல்ல.

ஆனால் விசிறி அடங்கிய பிறகும் இன்னொன்று மிச்சம் இருந்தது. காதுக்கு எட்டாத சன்னமான அதிர்வு, உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வரும், விட்டால் மறையும். அதைச் சொல்லித்தான் ஒரு பணிமனைக்குப் போனேன். அங்கேயும் டிஃபரென்ஷியல்தான் என்றார்கள். திறந்தார்கள், ஆயில் சுத்தம், பற்களும் சுத்தம். மூடினார்கள். காசு போயிற்று, அதிர்வு மட்டும் என்னோடு வீடு திரும்பியது.

பிறகு நானே படுத்துப் பார்த்தேன். கேம்பரைக் கழற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்தேன். ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிக்கொடுக்கும் சிலுவை மூட்டுதான் கிராஸ். பின்பக்கக் கிராஸின் ஒரு மூடியைச் சுற்றி மட்டும் செங்கல் தூள்போலச் செந்துரு படிந்திருந்தது. கிரீஸ் வற்றிவிட்டது என்று அந்தத் தூளே சொல்லிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது, சிலுவையின் கையில் ஊசி பேரிங்குகள் வரிவரியாகப் பதிந்திருந்தன, ஈரக் களிமண்ணில் சீப்பை அழுத்தி எடுத்ததுபோல.

தனியாக ஓடும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். கேம்பரை வண்டியோடு இணைக்கும் முனை வண்டியின் பின்புறத்தை அழுத்துகிறது. மேடு ஏறும் விசையில் ஆக்ஸிலும் முறுகிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கிராஸ் மடங்கும் கோணத்தை மாற்றிவிடுகின்றன. கோணம் கூடக்கூட, ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தயங்கித் தயங்கி ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் சாதாரண சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் சுமார் 41 முறை. அதனால்தான் டயரின் கோளாறு இருக்கையைக் குலுக்கும், ஷாஃப்ட்டின் கோளாறு பாதத்தில் ரீங்கரிக்கும்.

உன்னுடையது முனகல் என்பதால் கிராஸாகத்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். டிஃபரென்ஷியலாகவே இருக்கலாம். அப்படியென்றால் ஒரே வேகத்தில் இழுக்கும்போது ஒரு குரல், லேசாக மிதித்து மிதக்கவிடும்போது ஒரு குரல், காலை எடுத்ததும் வேறொரு குரல் வர வேண்டும். சக்கர பேரிங் அப்படியல்ல. நீ மிதிக்கிறாயா விடுகிறாயா என்பதை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, வளைவைத்தான் கவனிக்கும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கத்தைப் பார். மலைப்பாதை இந்தச் சோதனையைக் கொண்டைக்குக் கொண்டை இலவசமாக நடத்தித் தருகிறது. கேம்பரின் சக்கரங்களையும் விட்டுவிடாதே, அவற்றின் ஓசையும் இணைப்புச் சட்டம் வழியாக முன்னால் வரும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே கொண்டுபோ. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதுதான். இதற்கெல்லாம் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் விபரீதம் மட்டும் வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும்.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து நாம் மருத்துவர்போல முகத்தை வைத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அதே வித்தை இன்றும் பலிக்கிறது. என்ன, இப்போது நான் வலது காதை மட்டும் நீட்ட வேண்டும்.

டிஃபரென்ஷியலைத் திறந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், முதலில் ஆயிலை மட்டும் வடிக்கச் சொல். வடிக்கும் துளையின் அடைப்பானில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் பணிமனைக்காரர் சொன்னதே சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன் கேம்பரின் தண்ணீர்த் தொட்டி முன்பக்கம்தானே இருக்கிறது? முனையின் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1,500 கிலோ என்றால் 150 முதல் 225 கிலோ. ஒருமுறை எடை போட்டுப் பார். அதிகமிருந்தால் தொட்டியை வடித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஏறு. 10 சதவீதத்துக்குக் கீழே போக விடாதே, கேம்பர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். முனகல் குறைந்ததா, வேறு வேகத்துக்கு மாறியதா என்று எனக்கு எழுது. இந்த முறை பத்து நாள் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்