விடிகாலை ஷோவுல கேட்டுல நிக்கிறவங்களையும் கொஞ்சம் கேளுங்க: தயாரிப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும், கேரளாவுல தமிழ்ப்படம் எடுத்து ஓட்டுற விநியோகஸ்தர்களுக்கும்,

வணக்கமுங்க. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கால, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தியேட்டர்ல ஆபரேட்டர். ஊரு கேரளாதான், ஆனா எங்க ஏரியால வீட்டுக்கு வீடு தமிழ்தான் பேசுவாங்க, தியேட்டர்லயும் தமிழ்ப்படம் வந்தாத்தான் கூட்டம். படப்பொட்டி பஸ்ல ஏறி வந்த காலத்துல இருந்து இந்த வேலைல இருக்கேன், இப்ப பொட்டிக்குப் பதிலா ஹார்டு டிஸ்க்கும், அதைத் திறந்து ஓட்டுறதுக்கு கீன்னு ஒரு டிஜிட்டல் பூட்டுச் சாவியும் வருது, அவ்வளவுதான். ஒவ்வொரு பெரிய படம் வந்ததும் கேமரா பிரிண்ட், அதாவது தியேட்டர்ல திருட்டுத்தனமா எடுத்த வீடியோ, வெளிய வந்துருச்சுன்னு நீங்க பிரஸ் மீட் வைக்கிறீங்க, ரெண்டு நாள் டிவில ஓடுது, அதுல டார்ச் அடிக்கிறவரு, டிக்கெட் கிழிக்கிற அக்கா, எங்களை மாதிரி ஆபரேட்டருங்க எல்லாம் "தியேட்டர்காரங்க உடந்தை"ங்கற ஒரு வார்த்தைலதான் வர்றோம். திருடனைப் பிடிக்கக்கூடிய ஆளுங்களும் நாங்கதான்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா?

எங்க பார்டர் நிலைமை உங்களுக்குத் தெரியாம இருக்காது. தமிழ்நாட்டுல காலைல 9 மணிக்கு முன்னாடி ஷோ கிடையாது, கேரளாவுல 2023 அக்டோபர்ல ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு 4 மணிக்கே ஓட்டுனோம், 2025 ஆகஸ்ட்ல வந்த இன்னொண்ணுக்கு 6 மணி ஷோ. பொள்ளாச்சி, கோயமுத்தூர்ல இருந்து பசங்க ராத்திரியே பைக்ல கிளம்பி கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார்னு எல்லா செக்போஸ்ட் வழியாவும் வந்துர்றாங்க. அதாவது உங்க படத்தை தமிழ்நாட்டுக்காரன் பார்க்கறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே எங்க திரையில படம் ஓடிட்டு இருக்கு, திருட்டுத்தனமா எடுக்கறவனுக்கு அந்த சில மணி நேரம்தான் காசு. அப்ப ஹால்ல நாங்க எத்தனை பேரு? கேட்டுல ரெண்டு பேர், உள்ள டார்ச்சோட ஒருத்தர், மேல பாக்ஸ்ல, அதான் புரொஜக்டர் ரூம்ல, நான். உள்ள இருக்கறவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு ஆடிட்டு இருக்காங்க, பேப்பர் பறக்குது, டைட்டில் கார்டுக்கும் ஹீரோ என்ட்ரிக்கும் கை முழுக்க போனுங்க. அதுல ஸ்டேட்டஸ் வைக்க எடுக்கறவன் எவன், முழுப்படத்தையும் எடுக்கறவன் எவன்னு டார்ச்காரரு எப்படிங்க கண்டுபிடிப்பாரு. போனை இறக்கச் சொன்னா "படம் ஓடுது, வேற வேலையில்லையா"ன்னு சண்டை. அந்த ஆட்டம் பாட்டத்தை போன்ல எடுத்து ரசிகருங்க போடுறதை எடுத்துத்தான் படத்தோட அஃபிஷியல் பேஜ்ல சந்தோஷமா ஷேரும் பண்றீங்க, அப்பறம் கேமரா பிரிண்ட் வந்தா தியேட்டர்ல யாருமே பார்க்கலையான்னு கேக்கறீங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க.

எங்களுக்கு ஓரளவு பழக்கம் இருக்கு. முழுசா எடுக்கறவன் ஆட மாட்டான், விசில் அடிக்க மாட்டான். நடு வரிசைக்கு கொஞ்சம் பின்னால, திரைக்கு நேரா உக்காருவான், பக்கத்து சீட்டு ரெண்டும் காலியா இருக்கும், அதுவும் அவனே புக் பண்ணது. ஊரே சிரிக்கிற சீனுக்குக்கூட உடம்பை அசைக்காம உக்காந்திருப்பான், ஏன்னா அசைஞ்சா பிரிண்ட் ஆடும். இன்டர்வல் லைட் போட்டதும் எல்லாரும் பாத்ரூமுக்கு ஓடும்போது இவன் மட்டும் முதல்ல சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பான். ரிக்ளைனர் சீட்டுன்னா கப் வைக்கிற ஓட்டைல போனை நிறுத்தி மேல கர்ச்சீப்பைப் போட்டு வச்சிருப்பான். ஸ்கிரீன் ஆஃப் ஆன மாதிரி இருக்கும், உள்ள ரெக்கார்டு ஓடிட்டே இருக்கும், அதுக்குன்னு ஆப் இருக்கு, 2025ல ஹைதராபாத் போலீஸ் பிடிச்ச கேஸ்லகூட பாக்கெட்டுக்குள்ள இந்த வேலைதான் நடந்திருக்கு. இதை எந்த சிசிடிவியும் சொல்லாது, மனுசன்தான் பார்க்கணும், பார்க்கறதுக்கு ஆள் வேணும்.

சரி, பார்த்தோம், பிடிச்சோம்னே வச்சுக்கங்க. ஒரு தடவை எங்க டார்ச்காரரு ஒரு பையனை கையும் போனுமா பிடிச்சாரு, இன்டர்வல்ல இருந்து எடுத்த வீடியோ மொத்தமும் போன்ல இருந்துச்சு. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க கேட்ட முதல் கேள்வியே, இந்தப் படத்தோட உரிமை உங்களுக்கு இருக்கா, படத்துக்காரங்க சைடுல இருந்து யாராவது வந்து எழுதிக் குடுத்தாத்தான் கேஸுன்னுட்டாங்க. போஸ்டர்ல இருந்த நம்பருக்கு மேனேஜர் விடிகாலைல அடிச்சாரு, யாரும் எடுக்கலை. கடைசில வீடியோவை டெலிட் பண்ண வச்சு பையனை அனுப்பிட்டாங்க, நம்ம டார்ச்காரரு ஸ்டேஷன்ல உக்காந்த நேரத்துக்கு அன்னிக்கு சம்பளம் கட். அவரு இப்ப பொழுதன்னிக்கும் டார்ச்சை கீழயே அடிக்கறாரு, பின் வரிசைப் பக்கமே வெளிச்சம் போறதில்லை, எனக்கு அவரைச் சொல்ல வாய் வரலைங்க.

சட்டம் இல்லாமயும் இல்ல. 2023ல சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தி, தியேட்டர்ல ரெக்கார்டு பண்ணா குறைஞ்சது 3 மாசம், கூடினா 3 வருசம் ஜெயில், குறைஞ்சது 3 லட்சம் அபராதம், அதிகபட்சமா படத்தோட மொத்த தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும்னு போட்டிருக்காங்க. தமிழ்நாட்டுல 2004லயே வீடியோ திருடனுங்களை குண்டாஸ்ல சேர்த்தாச்சு. கேரளா போலீஸுக்கு ஆன்டி பைரசி செல்னே ஒண்ணு இருக்கு, 2024 ஜூலைல திருவனந்தபுரத்துல தமிழ்ப்படத்தை எடுத்துட்டு இருந்தவனை தியேட்டர்லயே வச்சு கொச்சி சைபர் போலீஸ் பிடிச்சாங்க, மறுபடி ஒரு மலையாளப் படம் கோயமுத்தூர் தியேட்டர்ல எடுக்கப்பட்டது, ஆளுங்க பெங்களூர்ல மாட்டுனாங்க. பார்த்தீங்களா, தமிழ்ப்படத்தை கேரளாவுல எடுக்கறான், மலையாளப் படத்தை தமிழ்நாட்டுல எடுக்கறான். அவனுக்கு பார்டர் கிடையாது, நமக்குத்தான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நீ போ நான் போன்னு.

இன்னொண்ணு, வாட்டர்மார்க். டிஜிட்டல்ல ஓடுற படத்துல கண்ணுக்குத் தெரியாத குறி இருக்குன்னும், திருட்டுப் பிரிண்ட்டை எடுத்துப் பார்த்தா எந்த தியேட்டர், எந்த ஷோன்னு சொல்லிரலாம்னும் எல்லாருக்கும் தெரியும். 2018ல நீங்களே அதை வச்சு பத்து தியேட்டர் லிஸ்ட் போட்டு இனி படம் தர மாட்டோம்னு அறிவிச்சீங்க. அந்தக் குறி தியேட்டரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. தியேட்டருக்குப் படம் நின்னா ஓனருக்கு வேற வருமானம் இருக்கும், முதல்ல வீட்டுக்குப் போறது நாங்க. பிரிண்ட்டை நல்லாப் பார்த்தாலே பாதி விசயம் தெரிஞ்சுருமே: எங்க பாக்ஸ்ல இருந்து எடுத்திருந்தா திரை நேரா இருக்கும், யாரு தலையும் குறுக்க வராது. சீட்டுல இருந்து எடுத்ததுன்னா ஓரம் கோணலா இருக்கும், முன் வரிசைத் தலை தெரியும், பக்கத்துல எவனாவது இருமுறதுகூடக் கேக்கும். கோணத்தை வச்சு ஏறக்குறைய எந்த வரிசைன்னு சொல்லலாம், ஆன்லைன் டிக்கெட்டுன்னா புக் பண்ண நம்பரும் இருக்கு. இத்தனையும் விட்டுட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டு வச்சு "எவ்வளவு வாங்குன"ன்னா எப்படிங்க. எங்களுக்குள்ள கெட்டவனே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன், இருந்தா தூக்கி உள்ள போடுங்க. ஆதாரத்தோட போடுங்க.

நெட்ல வர்ற திருட்டு லிங்க்கைத் தூக்கறதுக்கு வெளிக் கம்பெனிக்குக் காசு குடுக்கறீங்க, குடுங்க, வேண்டாம்ங்கலை. அதுல ஒரு துளியை முதல் மூணு நாளைக்கு ஹால்ல கூடுதலா ரெண்டு பேர் நிக்கறதுக்கு சம்பளமா ஒதுக்குங்க, அந்த மூணு நாள்ல வர்ற பிரிண்ட்டுதானே உங்களை அடிக்குது. பிடிச்சுக் குடுத்தவருக்கு ஏதோ ஒரு தொகை, அதை ஓனர் கைல குடுக்காம நேரா அவரு கைல குடுங்க (ஏன்னு உங்களுக்கே தெரியும்).

இதை விட முக்கியமா ஒண்ணு கேக்கறேன், இதுக்கு செலவே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீ அனுப்புறப்ப அதுகூடவே ஒரு லெட்டர் அனுப்புங்க. இந்தத் தியேட்டர் மேனேஜரு எங்க சார்பா போலீஸ்ல புகார் குடுக்கலாம்னு உங்க கையெழுத்து, சீலோட. மலையாளத்துலயும் இருக்கணும், எங்க ஸ்டேஷன்ல தமிழ் லெட்டரைக் காட்டுனா சேட்டன்மாரு திருப்பிக் குடுத்துருவாங்க. அதுல ஒரு போன் நம்பர் போடுங்க, விடிகாலை நாலு மணிக்கும் எடுக்கற ஆளோட நம்பர். அதே மாதிரி மலையாளப் படத்துக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோயமுத்தூர் தியேட்டருக்கு அனுப்பச் சொல்லி கேரளா தயாரிப்பாளர் சங்கத்துக்கிட்டயும் நீங்களே பேசுங்க, நாங்க சொன்னா யாரு கேப்பாங்க.

அடுத்த பெரிய படம் எந்த தேதின்னு எங்களை விட உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அதுக்கு முன்னாடி லெட்டர் எங்க மேனேஜரு மெயிலுக்கு வந்துட்டாப் போதும், பிரிண்ட் எடுத்து கேட்டுலயும் பாக்ஸ்லயும் ஒட்டுற வேலைய நான் பார்த்துக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆபரேட்டர்,
சித்தூர் தாலுக்கா, பாலக்காடு