வின்டர்டூர் போய் வந்தேன்

மேட்டுப்பாளையம்

அன்புள்ள நண்பனுக்கு,

நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். முழங்கால் வலி இப்போது தேவலையா? அத்தனை வருடம் இன்ஜினில் நின்ற கால், வலிக்காமல் என்ன செய்யும்.

பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: வின்டர்டூர் போய் வந்தேன்! நாம் ஆயிரம் தடவை வாசித்த பெயர். நம் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின் தகட்டில், அதைக் கட்டிய சுவிஸ் தொழிற்சாலையின் பெயரை எஸ்.எல்.எம். வின்டர்தர் என்று நீ படிப்பாய். நான் அப்படித்தான் என்று தலையாட்டுவேன். அங்கே போனால் வின்டர்டூர் என்கிறார்கள். இத்தனை வருடமும் தப்பாகவே சொல்லியிருக்கிறோம்.

சூரிச்சிலிருந்து அரை மணிகூட ஆகாது. மகன் போட்டுக் கொடுத்த பயணத் திட்டத்தில் அந்த ஊரே கிடையாது. அன்று லூசர்ன் ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. உன் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னேன். "ஏனுங்க, ஐரோப்பாவுக்கு வந்தும் லோகோ ஷெட்டுத்தானா?" என்றாள். ஆனாலும் வந்தாள். ஏரியை மத்தியானத்துக்கு மேல் பார்த்துக்கொண்டோம்.

எஸ்.எல்.எம். 1871இல் தொடங்கிய தொழிற்சாலை. இப்போது அங்கே இன்ஜின் கட்டுவதில்லை. ஸ்டேஷனை ஒட்டியிருந்த பழைய கூடங்கள் பலவற்றை இடிக்காமல் கல்லூரி, கடை, குடியிருப்பு என்று மாற்றியிருக்கிறார்கள். புதிதாக எழும்பும் பகுதிக்கு 'லோக்ஸ்டாட்' என்று பெயர். இன்ஜின் நகரம் என்று வைத்துக்கொள். ஒரு கட்டடத்தின் பெயர் 'முதலை'. அவர்களுடைய பழைய மின்சார இன்ஜின் ஒன்றுக்கு அந்தச் செல்லப்பெயராம். திருச்சிப் பொன்மலை ரயில் பட்டறையில் என்றாவது வீடு கட்டினால் இப்படிப் பெயர் வைப்பார்களா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அடுத்த மேசையில் இருந்த பெரியவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. மலைப்பாதையில் ஹில்குரோ ஸ்டேஷனில் நம் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் படம் போனில் இருந்ததல்லவா, அதைக் காட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சிலிண்டரை அவரே எண்ணினார். இன்னும் ஓடுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். ஓடுகிறது, ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் என்று கையால் காட்டினேன். அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற ஊர்க் கதை சுருக்கமாக. ஐரோப்பிய ரயில்களில் போக யூரெயில் பாஸ் என்றதும், ரயில்வேக்காரர்களுக்குக் கிடைக்கும் நம்முடைய இலவசப் பாஸ் மாதிரி என்று நினைத்து ஏமாந்தேன். பாரிஸிலிருந்து கிளம்பும் அதிவேக வண்டிக்குப் பாஸ் கையில் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஐஃபல் கோபுரம் நீ படத்தில் பார்த்ததுதான், கொஞ்சம் பெரிதாக. எனக்குப் பிடித்தது ஓர்சே அருங்காட்சியகம். 1900இல் திறந்த ரயில்வே ஸ்டேஷன் அது. வண்டிகள் நீளமாகிப்போய் பிளாட்பாரம் பற்றாமல் 1939இல் தொலைதூர வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உன் தங்கச்சி ஓவியம் பார்த்தாள், நான் கூரையும் கடிகாரமும் பார்த்தேன்.

கடிகாரம் என்றதும் நினைவு வருகிறது. சுவிஸ் ஸ்டேஷன் கடிகாரத்தில் சிவப்பு நொடிமுள் ஒன்று உண்டு. வண்டிக்கு உத்தரவு கொடுக்கும் ஆள் தூக்கிக் காட்டும் வட்டத் தகட்டின் வடிவம் அதற்கு. 60 நொடி ஓடாது. 58 சொச்சத்தில் மேலே வந்து நின்றுவிடும். தலைமைக் கடிகாரம் ஒரு துடிப்பு அனுப்பியதும் நிமிட முள் தாவும், சிவப்பு முள் மறுபடி புறப்படும். அந்த ஒரு விநாடி நிற்பதைப் பார்க்கவே சூரிச்சில் இருபது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். வண்டிகளும் அப்படித்தான், ஒரு மணி நேரத்தில் எந்த நிமிடத்துக்குப் புறப்படுமோ, அடுத்த மணியிலும் அதே நிமிடம். பெரிய சந்திப்புகளில் நாலு திசை வண்டியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்து, ஆட்களை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. நாடு முழுவதும் 1982இல் கொண்டுவந்த முறையாம். எதிர் வண்டி வந்து விலகுவதற்காக நீ கல்லாறு ஸ்டேஷனில் காய்ந்ததெல்லாம் நினைவு வந்தது.

மிலானுக்குக் கோட்ஹார்ட் வழி. ஆல்ப்ஸுக்கு அடியில் 57 கிலோமீட்டர் சுரங்கம், 2016இல் திறந்தது. உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம் என்று உன் தங்கச்சியிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இருபது நிமிடத்துக்குக் கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது. "மலையைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து இருட்டைக் காட்டறீங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1882இல் போட்ட பழைய பாதை மேலே வளைந்து வளைந்து போகிறது. வாசன் என்ற ஊரின் தேவாலயம் ஒன்றே மூன்று தடவை, மூன்று உயரத்தில் தெரியுமாம். அதில் போயிருக்க வேண்டும்.

வெனிஸுக்கு வண்டி கடல்மேல் போகிறது, நம் பாம்பன் மாதிரி. ஆனால் அலையும் இல்லை, அந்தக் காற்றும் இல்லை. ஸ்டேஷன் வாசல்படி இறங்கினால் எதிரே கால்வாய். அழகுதான், மறுக்கவில்லை. படிவைத்த பாலங்களில் இரண்டு பெட்டியையும் தூக்கி ஏறி இறங்கியதில் என் இடுப்பு போய்விட்டது. போகிறவனுக்கு ஒரே ஒரு புத்திமதி: சின்னப் பெட்டி.

அங்கிருந்து வியன்னா போகும் வழியில் செம்மரிங் மலைப்பாதை. 1854இல் முடித்தது. இரண்டடுக்கு வளைவுப் பாலங்களைப் பார்த்து "நம்ம குன்னூர்ப் பாதை மாதிரியே இருக்குது" என்றாள். இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். நம் பாதையில் தண்டவாள நடுவே இருக்கும் பல்சட்டமும் அதைக் கடித்து ஏறும் பல்சக்கரமும் இல்லாமல் அது சுற்றிச் சுற்றி ஏறுகிறது, ஏறக்குறைய நாற்பது அடி போனால் ஓர் அடிதான் ஏற்றம். நமக்குப் பன்னிரண்டரை அடிக்கே ஓர் அடி. முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். வியன்னாவில் காப்பியோடு கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறார்கள். அதற்கே அந்த ஊருக்கு முதல் மார்க் போட்டுவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் கேட்டது, படத்தில் இருக்கும் இன்ஜின் எந்த வருடம் கட்டியது என்று. முதலில் வந்த கூட்டமா, 1952இல் வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1952 என்றால் அப்பா கை பட்டிருக்கலாம் என்றார். பச்சைக்கொடி காட்டியே காலம் தள்ளியவனுக்குத் தகட்டில் இருக்கும் வருடம் எப்படித் தெரியும்? நீ துணி வைத்துத் துடைத்தவன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நம்பர் பாதி மறைந்திருக்கிறது. ஷெட்டில் இன்னும் உன்னைத் தெரிந்த பையன்கள் இருப்பார்கள் அல்லவா, ஒரு நடை போய்த் தகட்டைப் பார்த்து எழுது. பெரியவர் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன்.

சாக்லேட் இருக்கிறது. பேரன் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். சீக்கிரம் வா.

அன்புடன்,
உன் பழைய ஸ்டேஷன் மாஸ்டர்