திரும்பிப் பார்க்கிற மிருகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், நான் "சாப்பிட்டியா" என்கிறேன், அதோடு முடிந்துவிடுகிறது. படத்தைப் பற்றிப் போனில் பேச எனக்கு வரவில்லை. அதனால் தம்பியின் பழைய நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ வரைந்து வாட்ஸப்பில் அனுப்பிய தெப்பக்குளத்துப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தோம். பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். பத்து நாளாகப் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் பார்க்கிறேன். புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் "இந்தப் பூதம் என்னையே முறைக்குது" என்கிறாள் உன் அம்மா. அதுவே பாதி வெற்றி, வைத்துக்கொள்.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாயே, "நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா யாரோ வரைஞ்ச மாதிரி இருக்குப்பா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் வரமாட்டேங்குது" என்று. அதற்கு வருகிறேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

குளத்துப் படியில் ஏறி வருகிற உன் மிருகம் யானை அளவு இருக்கிறது. பாதமோ பூனைப் பாதம். அவ்வளவு பெரிய உடம்பு கல்லில் ஊன்றியிருக்கிறது என்று அந்தக் கால் சொல்லவே இல்லை. சின்ன வயதில் கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்க உன்னைத் தூக்கிக்கொண்டு போவேனே, அதன் காலைப் பார்த்திருக்கிறாயா? நீ தும்பிக்கையைத்தான் பார்த்திருப்பாய். யானையின் பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. காலை ஊன்றினால் பாதம் பிதுங்கி அகலும், தூக்கினால் சுருங்கும். அந்தப் பிதுக்கத்தை மட்டும் போட்டுவிடு. அப்புறம் உன் மிருகத்துக்கு மூன்று தலை வைத்தாலும் ஜனங்கள் நம்புவார்கள்.

இறக்கையும் அப்படித்தான். முதுகில் ஆணி அடித்து மாட்டியது போல இருக்கிறது. நாலு கால் இருக்கிற மிருகத்துக்கு இறக்கை வைத்தால் அது ஆறு உறுப்பு. அந்த இன்னொரு ஜோடிக்குத் தோள் எங்கே? அடுத்த தடவை கோழி வாங்கும்போது நெஞ்செலும்பைக் கையில் எடுத்துப் பார். நடுவில் படகின் அடிப்பலகை மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கையை அடிக்கிற சதை முழுக்க அதில்தான் பிடித்திருக்கிறது. பறக்கிற மிருகத்துக்கு நெஞ்சு புடைத்திருக்க வேண்டும். உன்னுடையது பட்டினி கிடந்த குதிரை மாதிரி ஒட்டிப்போயிருக்கிறது.

நம்ம மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளியை நினைத்துப் பார். பெயர்தான் ஆயிரம், தூண் 985. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கின கண். உலகத்தில் இல்லாத மிருகம். ஆனால் பின்னங்காலை ஊன்றி எழும்பும்போது தொடைச் சதை எங்கே இறுக வேண்டுமோ அங்கே இறுகியிருக்கும். வயிறு எங்கே உள்வாங்க வேண்டுமோ அங்கே வாங்கியிருக்கும். செதுக்கியவன் யாளியைப் பார்த்ததில்லை, குதிரையை நன்றாகப் பார்த்திருக்கிறான். இதற்காக நீ யாளியைத்தான் வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெருமைக்காக வரைகிற யாளி காலண்டர் யாளியாகத்தான் வரும்.

அடுத்தது வெளிச்சம். இடது பக்கம் நிலா, வலது பக்கம் தீவட்டி. இரண்டும் சம பலத்தில் எரிகின்றன, ஒரே வீட்டில் இரண்டு மாமியார் மாதிரி. ஒன்றைத் தணித்தே ஆக வேண்டும். எதை என்பது உன் இஷ்டம். நானாக இருந்தால் நிலாவை ஜெயிக்கவிட்டு, தீவட்டியை மிருகத்தின் தாடைக்குக் கீழே ஒரு கீற்றாக மட்டும் வைப்பேன். கண்ணைச் சுருக்கிப் பார், தெரியும். சுருக்கிப் பார்க்கும்போது படம் கஞ்சி மாதிரி கலங்கித் தெரிந்தால், எத்தனை செதில் வரைந்தாலும் வீண். கறுப்பு, சாம்பல், வெள்ளை, மூன்றே மூன்று வைத்துத் தீப்பெட்டி அளவில் பத்து வரைந்துவிட்டு அதில் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கு. நீங்கள் தம்ப்நெயில் என்கிறீர்களே, அதுதான். சினிமா பேனர் பட்டறையில் எங்கள் மாஸ்டர் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் போடுவார்.

நிழல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உனக்குச் சொன்னதில்லை, வெட்கம்தான். நான் பட்டறையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை காடாத் துணியில் வஜ்ஜிரப் பசை பூசுவது, ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு அதே கட்டத்தைப் பேனரில் பெரிதாக்குவது, பின்னணியில் வானம் அடிப்பது, இதுதான் என் வேலை. முகம் மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். "கதாநாயகன் முகத்தை நீ போடுடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்னத்து நிழலுக்குக் கறுப்பை எடுத்து இழைத்துவிட்டேன். கிட்டத்தில் பார்க்கும்போது அருமையாக இருந்தது. பேனரை நிமிர்த்தி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால், யாரோ அந்த மனிதரை நன்றாக அடித்துக் கன்னம் கன்றிப்போன மாதிரி தெரிகிறது.

மாஸ்டர் திட்டவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அத்தனையையும் துடைத்தார். என் கையைப் பிடித்துப் பட்டறையின் செங்கல் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய்ச் சாயங்கால வெயிலில் நீட்டச் சொன்னார். "உன் கையில நிழல் விழுந்த பக்கத்தைப் பாரு, கறுப்பாவா இருக்கு?" இல்லை. சுவரின் சிவப்பு அதில் ஏறியிருந்தது. வானத்தைப் பார்த்த மேல்பக்கத்தில் லேசாக நீலம். அன்றைக்குக் கன்னத்து நிழலில் பச்சையும் ஊதாவும் கலந்து அடித்துக் காட்டினார். பக்கத்தில் நின்று பார்த்தால் வாந்தி எடுத்த மாதிரி இருக்கும். நாற்பது அடி தள்ளி நின்றால் உயிரோடு ஒரு ஆள். உன் மிருகத்தின் வயிற்றுப் பக்க நிழல் முழுக்கக் கறுப்பு. பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, பாப்பா. தண்ணீர் சும்மா இருக்குமா? அதிலிருந்து வெளிச்சம் எகிறி வயிற்றில் விழ வேண்டாமா?

கம்ப்யூட்டரில் வரைந்து முடித்தபின் ராத்திரியில் கௌவாஷ், அந்தத் தண்ணீரில் கரைக்கிற பெயிண்ட், பழகுவதாகச் சொன்னாய். நல்லது. அதில் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அடர்ந்தது காய்ந்தால் வெளிறும், வெளிர்ந்தது கொஞ்சம் அழுத்தமாகும். எங்கள் போஸ்டர் கலரும் அதே ஜாதி. ஓரத்தில் ஒரு துண்டுப் பேப்பரில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டு அடி. கையில் அன்டூ பட்டன் இல்லாத நேரத்தில்தான் ஒரு கோடு போடுமுன் மனது யோசிக்கிறது. இதைச் சொன்னால் நீ கிழவன் பேச்சு என்பாய். இருக்கட்டும். படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துக் கோணலைக் கண்டுபிடிக்க நாங்கள் பக்கத்து சலூனுக்குப் பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். உனக்கு அது ஒரு தட்டலில் நடக்கிறது. அதில் எனக்குப் பொறாமைதான்.

சரி, ஸ்டைல்.

காப்பி அடிப்பதைப் பற்றி நீ ரொம்பக் கூசுகிறாய். வேண்டாம். கோவில்பட்டியில் கொண்டையராஜு என்று ஒருவர் இருந்தார், 1976-ல் காலமானார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனவர், பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிச் சாமி படங்கள் வரைந்தார். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீட்டுச் சுவரெல்லாம் அவர் வரைந்த லட்சுமியும் முருகனும்தான். அவரிடம் பழகிய பையன்கள் வரைந்த படத்தையும் அவர் படத்தையும் வைத்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். நான் அந்தக் காலண்டர்களைப் பார்த்துத்தான் கண்ணும் மூக்கும் பழகினேன். காப்பி அடிப்பது சோறு மாதிரி. ஒரே வீட்டுச் சோறாக இல்லாமல் பார்த்துக்கொள். நீ வரைகிற டிராகன் எல்லாம் ஒரே நாலைந்து பேர் வரைந்த டிராகனைப் பார்த்து வந்தவை, அதுதான் சிக்கல்.

எனக்கு ஸ்டைல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, எனக்கே தெரியாமல். ஃபிளெக்ஸ் வந்து பேனர் வேலை படுத்தபோது கடை போர்டும் சுவர் எழுத்தும்தான் சோறு போட்டது. ஒரு தடவை கீழமாசி வீதியில் ஒரு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "அந்தப் பருப்பு மண்டி போர்டு நீங்க எழுதுனதுதானே" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "உங்க ழ-வுக்கு வால் மேல தூக்கும்ல" என்றார். நான் அதுவரை கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏணியில் நின்று எழுதும்போது ழ-வின் வாலைக் கீழே இழுத்தால் முழங்கை ஏணிக் கம்பில் இடிக்கும். இடிக்காமல் இருக்க மேலே வளைத்து விட்டிருக்கிறேன், எத்தனையோ வருஷமாக. ஏணி கொடுத்த ஸ்டைல் அது. தரையில் உட்கார்ந்து எழுதும்போதும் கை மாறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்தபோது உன் பழைய டிராயிங் நோட்டுகள் ஆறு கிடைத்தன. மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மாடு, நாய், பூதம், ஏழு தலைப் பாம்பு, எதுவானாலும் உன் மிருகங்கள் திரும்பிப் பார்க்கின்றன. உடம்பு ஒரு பக்கம் போகிறது, தலை பின்னால் பார்க்கிறது. கழுத்தைத் திருப்பி வரைவது பெரியவர்களுக்கே கஷ்டம், நீ தப்புத் தப்பாகவாவது அதையே வரைந்திருக்கிறாய். டிவிஎஸ் ஃபிஃப்டியில் பெயிண்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு போகும்போது, டப்பா சாயாமல் பிடித்துக்கொள்ள உன்னைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பேன். கப்பலூர் வரைக்கும் அப்படியே போயிருக்கிறோம், இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. ரோடும் மரமும் உன்னை விட்டு விலகிப் போவதைத்தான் நீ பார்த்துக்கொண்டே வந்திருப்பாய். காரணம் அதுதானா, எனக்குத் தெரியாது. அந்த நோட்டுகளில் இருந்த கழுத்து இப்போதைய படங்களில் இல்லை. இப்போது எல்லா மிருகமும் நேராக வாயைப் பிளந்து உறுமுகிறது. யாரோ இப்படித்தான் வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி.

நோட்டுகளைக் கூரியரில் அனுப்பவில்லை. தொலைந்துவிடும். வந்து பார்த்துக்கொள்.

யானைமலை, நாகமலை, பசுமலை கதையை வரையப் போவதாகச் சொன்னாய். திருவிளையாடலில் மதுரையை அழிக்க ஏவின யானையும் பாம்பும் பசுவும் மலையாகிப்போன கதை, நல்ல கதைதான். ஆனால் மலை அளவு மிருகத்தை ஏ4 தாளில் எப்படிப் பெரிதாகக் காட்டுவாய்? பெரிதாக வரைந்தால் பெரிதாகத் தெரியாது. விடியற்காலை ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பார்த்திருக்கிறேன். அடிவாரம் பனியில் கரைந்திருக்கும், முதுகு மட்டும் தெரியும். தூரம் போகப் போக நிறம் செத்து நீலம் ஏறும், கோடு மழுங்கும். நடுவில் காற்று நிற்கிறது, அதையும் வரைய வேண்டும். மிருகத்தின் பாதத்தில் நுணுக்கத்தை வைத்து முதுகைக் கரைத்துவிடு. கால் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம், மரத்தடியில் ஒரு மாட்டு வண்டி. போதும்.

பொங்கலுக்கு லீவு போட்டுவிடு, இப்போதே சொல்லி வை. மாட்டுப் பொங்கலன்று பாலமேடு போகலாம், மறுநாள் அலங்காநல்லூர். கூட்டத்தில் நீ நிற்க வேண்டாம். காளைகளை அவிழ்த்துக் கூட்டிப்போகிற பக்கம் நமக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், அங்கே ஓரமாக உட்கார்ந்து வரையலாம். ஓடுகிற காளை சட்டென்று திரும்பும்போது திமில் மட்டும் ஒரு கணம் பிந்திச் சாயும். அதைப் பிடிக்க முடிகிறதா பார். நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குப் பென்சிலில் வரவில்லை.

அம்மா இட்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், தம்பியின் சிநேகிதன் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறோம். அந்தப் படியில் ஊன்றின காலைத் திருத்தி முதலில் அனுப்பு. கால் மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா