தேதியோடு எழுது

அன்பு மகளுக்கு,

சம்பள உயர்வு கேட்டதற்கு ஹாங்காங் மேனேஜர் காண்டனீஸ் சீனத்தில் "ச்சீ தி தாய் ஹா லா" என்று சொன்னாராம், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயாம். அம்மா சொன்னாள். அது நம்ம 'ச்சீ' இல்லை, பிறகு பார்க்கலாம் என்பதுதான். மறுப்பு என்று இப்போதே முடிவு கட்டாதே. மலேசியாவில் நம்ம ஈப்போ பசாரில் காய்கறி விற்றுப் பழகிய காண்டனீஸ் என்னுடையது, ஹாங்காங் ஆபீஸ் பேச்சு கொஞ்சம் வேறாக இருக்கும். ஆனாலும் இதில் அப்பாவை நம்பலாம்.

அந்த மொழியில் நேற்றைக்கும் நாளைக்கும் வினைச்சொல் ஒன்றேதான். வரப்போவதைச் சொல்ல முன்னால் ஒரு 'வூய்' போடுவார்கள், அல்லது காலத்தைக் காட்ட ஒரு சொல். கடைசியில் ஓர் ஒட்டு வரும் பார், சூட்சுமம் அதில்தான். வெறும் 'வூய்' என்றால் செய்வேன். 'வூய் க்வா' என்று இழுத்தால், செய்வேன் போலிருக்கிறது, சத்தியம் மட்டும் கேட்காதே என்று அர்த்தம்.

'தாக் ஹான் யாம் சா', ஒழிந்த நேரத்தில் தேநீர் குடிப்போம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வா. பெரும்பாலும் அது விடைபெறும் பேச்சு. நீ பாட்டுக்கு எந்தக் கடை என்று கேட்டு வைக்காதே! 'சிங் கேய் லோக்', சனிக்கிழமை என்று அவர்களே நாள் குறித்தால் நம்பிப் போ.

உன் ஆசையைச் சொல்லும்போது 'ஹெய் மோங்' தப்பில்லை, கடிதத்திலும் வாழ்த்திலும் நன்றாகவே இருக்கும். நேரில் பேசும்போது 'யாவ் கெய் வூய்', வாய்ப்புக் கிடைத்தால், என்று தொடங்கு. கேட்கிறவருக்கும் சங்கடமில்லை, இல்லை என்றாலும் உனக்குத் தலைகுனிவில்லை. 'யூ க்வோ' என்று தொடங்கி 'சாவ் ஹோ லா' என்று முடிப்பது, அப்படி நடந்தால் எவ்வளவு நல்லது என்கிற ஏக்கம். பல நேரம் நடக்காது என்று தெரிந்தே சொல்வது. மேனேஜரிடம் அது வேண்டாம், தோழிகளிடம் வைத்துக்கொள்.

இன்னொன்று. ஊருக்கு எப்போது வருகிறாய் என்றதற்கு 'தை யாத்' என்றாயே, அம்மா அப்புறம் வாயே திறக்கவில்லை. ஹாங்காங் தொடர் பார்த்தே வளர்ந்தவள், அவளுக்கா தெரியாது வேறொரு நாள் என்றால் என்னவென்று? தீபாவளிக்கு அங்கே பொது விடுமுறை கிடையாது. இப்போதே லீவு எழுதிக் கொடு, டிக்கெட் ஏறுவதற்குள் எடுத்துவிடு.

அப்பா
ஈப்போ