சண்டிகருக்கு அரைநாள் போதாது, மாப்ளே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. உடனே பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். அமிச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோம்பிக்கு நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டேன், பெரிய மாமன் முறைத்துக்கொண்டுதான் கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் லூதியானாவுக்கு மெஷின் பார்க்கப் போகிறோம், ஊடே ஒரு மத்தியானம் சண்டிகரில் ஏரியும் ரோஜாத் தோட்டமும் பார்த்துவிட்டு டெல்லி ரயிலைப் பிடிப்போம் என்று எழுதியிருக்கிறாய். "கான்கிரீட் கட்டடத்தை நம்மூரிலேயே பார்க்கலாமே" என்று வேறு ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சண்டிகரில் முதலில் பார்க்கவேண்டியதே அந்தக் கான்கிரீட்தான்டா!

ஊரைச் செக்டர் என்று எண் போட்ட பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். செக்டர் 1-ல் சட்டசபை, தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம் மூன்றும் இருக்கின்றன. பிரிவினையில் லாகூர் அந்தப் பக்கம் போனதும் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. அதற்காகவே வெறும் வயல்வெளியில் எழுப்பிய ஊர். லெ கொர்புசியே என்ற ஐரோப்பியக் கட்டடக் கலைஞர் 1951-ல் வந்து வரைந்தார். 1966-ல் ஹரியானா பிரிந்த பிறகும் இரண்டு மாநிலமும் இதே கட்டடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

சென்ட்ரிங் பலகையின் தடம் அப்படியே தெரிய, பூச்சு இல்லாமல் விட்ட சுவர்களைக் கையால் தொட்டுப் பார். செயலகம் ஏறக்குறைய 250 மீட்டர் நீளம். ஜன்னலுக்கு முன்னே ஆழமான கான்கிரீட் தடுப்பு வைத்து வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். உயர்நீதிமன்றத்துக்கு இரட்டைக் கூரை. மேற்கூரை குடை மாதிரி நிழல் கொடுக்கும், இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடும். வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பெருந்தூண்கள். சட்டசபை மண்டபம் அனல்மின் நிலையத்துக் குளிர்விப்புக் கோபுரத்தின் வடிவம். நம்மூர் வெயிலில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிவிட்டு ஏசி பில்லுக்கு அழுகிறவர்கள் இதையெல்லாம் பார்க்கவேண்டும். மச்சானையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். செக்டர் 1 சுற்றுலாத் தகவல் மையத்தில் பேர் பதிந்து, வழிகாட்டியோடுதான் போகவேண்டும். காலை 10, பகல் 12, பிற்பகல் 3 என்று மூன்று வேளை அழைத்துப் போவார்கள். 10 மணியே உனக்குச் சரி. எல்லோருக்கும் ஆதார் மாதிரி அசல் அடையாள அட்டை வேண்டும். முதல் நாளே போனில் கேட்டுக்கொள், ஏனென்றால் நீ போகிற மாசம் பட்ஜெட் கூட்டத்தொடர் மாசம். சபை நடந்தால் சட்டசபைக்குள் போகமுடியாது. லெ கொர்புசியே வடிவமைத்த திறந்த கை சின்னத்துக்குக் கீழே மறக்காமல் நில். 26 மீட்டர் உயரம், காற்றுக்குத் திரும்பும். 1965-ல் அவர் இறந்து இருபது வருஷம் கழித்து, 1985-ல்தான் நிறுத்தினார்கள்.

ஒரு வேதனையும் சொல்லவேண்டும். இந்த அலுவலகங்களுக்கென்று லெ கொர்புசியேவின் உறவினரான கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளைப் பழசு என்று காயலான் கடை விலைக்குக் கழித்துப் போட்டார்கள். அவை வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன. நேரம் கிடைத்தால் செக்டர் 5-ல் அவர் குடியிருந்த வீட்டைப் பார். இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து பக்கத்திலேயே ராக் கார்டன். இது உனக்கென்றே கட்டியது. சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் தொடங்கி, உடைந்த வளையல், ஓடு, பீங்கான், மின்பிளக் என்று கழிவிலேயே ஓர் உலகம் செய்தார். 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே கந்தல் துணியில் செய்த பொம்மைகளும் இருக்கின்றன. துணி கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாகத் தள்ளுகிற நீ அங்கே நிதானமாக நிற்கவேண்டும். வாசல்கள் வேண்டுமென்றே தாழ்வாக வைத்தவை, குனிந்துதான் நுழையவேண்டும். படியும் மேடுபள்ளமும் ஏராளம், திரும்பிவரக் குறுக்குவழி கிடையாது. முழங்கால் வலியோடு அம்மா வருவதென்றால் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மத்தியானம் செக்டர் 10 அருங்காட்சியகம். லாகூர் அருங்காட்சியகச் சேகரிப்பை 1948-ல் பங்காளிகள் பாத்திரம் பிரிக்கிற மாதிரி 60-க்கு 40 என்று பிரித்தபோது நம் பங்காக வந்த காந்தாரச் சிலைகள் இங்கேதான். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதே. அதற்கு நேர் கீழே 16-ல் ரோஜாத் தோட்டம். மாசியில் பூ உச்சத்தில் இருக்கும், அரை மணி போதும்.

வழி கேட்டு அலையாமல் இருக்க ஒரு கணக்கு. செக்டர் எண்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் போகும். அதனால் மேலும் கீழுமாக ஒட்டியிருப்பவற்றைக் கூட்டினால் 4-ம் 9-ம் 13, 9-ம் 17-ம் 26, 17-ம் 22-ம் 39 என்று 13-ன் மடங்காகவே வரும். 22-க்குக் கீழே இருப்பது 35, அந்த ஜோடிக்கு இது பலிக்காது. ஒரு செக்டர் சுமார் 800-க்கு 1200 மீட்டர். "அடுத்த செக்டர்தானே" என்று தங்கச்சியையும் அம்மாவையும் நடத்திவிடாதே. எல்லா ரவுண்டானாவும் ஒரே மாதிரி இருக்கும், ஆட்டோ வைத்துக்கொள்.

லூதியானாவிலிருந்து சண்டிகர் 100 கிலோமீட்டர் சுமார். விடியற்காலை 6 மணி பஸ் ஏறினால் செக்டர் 43 பஸ் நிலையத்தில் இறங்கி, 10 மணிக்குள் செக்டர் 1 போய்விடலாம். பொழுதோடு சுக்னா ஏரிக்கு வா. 1958-ல் மழைக்கால ஓடையைத் தடுத்துக் கட்டியது. கரையில் வண்டி விடமாட்டார்கள், அம்மா நிம்மதியாக உட்காரலாம். அந்தப் பக்கம் சிவாலிக் மலை தெரியும்.

ஆகவே அன்று ராத்திரி ரயிலை மாற்றி மறுநாளைக்குப் போடு. டிக்கெட் எடுத்ததும் எந்தத் தேதி என்று எழுது, அதற்குத் தக்கபடி மீதியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி