நோய் பிடித்த இலைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரிச் செயலர், முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரவியல் துறையில் உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் பீரோக்கள் மாடி அறையிலிருந்து பின்கட்டு வராந்தாவுக்கு ஏன் வந்தன என்பது தங்களுக்குத் தெரியும். கணினி அறை தேவைதான். அதில் எனக்கு வழக்கில்லை. அந்த வராந்தா ஐப்பசியில் ஒழுகும் என்பதும் தங்களுக்குத் தெரியும். வழக்கு அதில்தான்.

சென்ற வாரம் வந்து பார்த்தேன். கீழ்த்தட்டில் நிலக்கடலை இலை உறைகள் அப்பளக் கட்டுபோல ஒட்டிக்கிடந்தன. 1978இல் ஆசிரியரோடு சைக்கிளில் போய், ஒரத்தநாட்டுக் கொல்லைகளில் நாங்கள் பறித்தவை. ஒன்றைப் பிரித்தேன். இலையின் அடிப்பக்கம் காகிதத்தோடு உரிந்து வந்தது. துரு என்னும் பூஞ்சை நோயின் கொப்புளங்கள் இருந்த இடத்தில் செம்பழுப்புக் கறை. ஆசிரியர் எழுதிய சீட்டில் மை கரைந்து ‘ஒரத்’ வரைக்கும்தான் மிச்சம். தேதியைக் காணோம். ஊரும் தேதியும் போன இலை வெறும் சருகு, ஐயா.

“நோய் பிடித்த இலைதானே, எதற்கு?” என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டாராம். 1969 வரை கடலைத் துரு பெரும்பாலும் தென் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும்தான் இருந்தது. பிறகுதான் நம் பக்கம் பரவியது. ஆகவே அதற்கு முந்தைய சுத்தமான இலையும் சாட்சி, பிந்தைய துருப்பிடித்த இலையும் சாட்சி. இன்று இப்படிப்பட்ட காய்ந்த இலையிலிருந்தே பூஞ்சையின் டி.என்.ஏ.வை எடுத்துப் படிக்கிறார்கள். நனைந்த இலையில் படிக்கப் பூசணம்தான் இருக்கும். பீரோக்களை மாடிக்கு ஏற்றுங்கள்.

1768இல், அன்று டென்மார்க்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்த தாவரவியலாளர் கோனிக் சேகரித்த செடிகள் கோபன்ஹேகனில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அங்கே ஐப்பசி மழை இல்லாத புண்ணியமோ என்னவோ! நம் மண்ணின் செடியைப் பார்க்க நாம் டென்மார்க்குக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். நம் கல்லூரியில் இருப்பதற்கோ எடைக்குப் போடும் யோசனை நடப்பதாகக் கேள்வி. பொய்யாக இருந்தால் மன்னியுங்கள். மெய்யாக இருந்தால், பழைய பேப்பர்க்காரர் தரும் விலையை நானே தந்துவிடுகிறேன்.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: கார்த்திகை அடைமழைக்கு முன் பீரோக்கள் மாடிக்குப் போக வேண்டும். கணினி அறைக்கு அடுத்த சிறிய அறை சும்மாதான் பூட்டிக்கிடக்கிறது. தூக்க நாலு ஆள் கூலி என் பொறுப்பு. நாப்தலீன் உருண்டையும் வாங்கி வருகிறேன். அந்த அறையின் சாவியை மட்டும் தயவுசெய்து துறையில் கொடுத்துவையுங்கள்.

பணிவுடன்,
தாவரவியல் துறையின் பழைய மாணவன்